பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நர்ஸ் வெப்சைட்

ஊசி போடுகிற டாக்டருக்கு யாரும் யோசனை சொல்வதில்லை; வெப்சைட் போடுகிறவனுக்கு மட்டும் ஊரே கூடி வந்து சொல்லும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, நான் பட்டதைக் கேளுங்கள். பெங்களூரு லிங்கராஜபுரத்தில் ஸ்டெல்லா அக்கா என்று ஒருவர், அவரும் நர்ஸ்தான். வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கிறவர்களுக்கு நர்ஸ் அனுப்புகிறார். "அவசரத்துல தேடுறவங்க உடனே எங்களைப் பிடிக்கணும் தம்பி, அது போதும்" என்றார். அது போதும் என்று கடைசிவரை இருந்திருந்தால் நான் ஏன் இப்படிப் புலம்பப் போகிறேன்!

திறப்பு விழா

முதல் பக்கத்தின் உச்சியில் போன் நம்பரை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தேன். அவசரத்தில் வருகிறவனைத் தேட வைக்கக் கூடாது, அதுதான் இந்த வேலையில் முதல் பாடம். அக்காவின் வீட்டுக்காரர் சேவியர் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஆபீஸ் திறப்பு விழாவில் ஃபாதர் ரிப்பன் வெட்டுகிற படம், கேக் வெட்டுகிற படம், மாமனார் அந்தக் கேக்கைத் தின்கிற படம் என்று பதினெட்டை அனுப்பினார். எல்லாம் மேலே ஓட வேண்டுமாம்.

நம்பர் பாதாளத்துக்குப் போய்விட்டது. நோயாளியை வைத்துக்கொண்டு தவிக்கிறவனுக்குக் கேக் எதுக்கு அண்ணா என்று கேட்டேன். அண்ணன் தன் கன்னடம் கலந்த தமிழில் சொன்னார்: "சும்னே நம்பரை மட்டும் போட்டா ஆட்டோ ஸ்டாண்டு போர்டு மாதிரி இருக்கும்பா!"

பதினாலு கேள்வி

நர்ஸ் கேட்டு எழுதுகிற ஃபாரத்தில் பெயர், போன், ஏரியா என்று மூன்றே கட்டம் வைத்தேன். அக்கா பதினாலு ஆக்கினார். தகப்பனார் பெயர், தாய்மொழி, பிறந்த ஊர்! இது என்ன பொண்ணு பார்க்கிற ஜாதகமா என்று கத்தியே விட்டேன். அக்கா அசரவில்லை. "கேட்டு வச்சுக்கறதுல நமக்கு என்ன தம்பி நஷ்டம்?"

சமர்ப்பி

தமிழிலும் சைட் வேண்டும் என்றார்கள். ஃபாரத்தின் கீழே 'சப்மிட்' இருந்த இடத்தில் 'சமர்ப்பி' என்று போட்டேன். 'அனுப்பு' என்று போட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். எனக்கு இலக்கணச் சுத்தம் பொத்துக்கொண்டு வந்தது.

இரண்டு நாளில் அக்காவின் தெருவிலேயே இருக்கும் ஒரு அம்மாள் அவருக்குப் போன் போட்டார். பதினாலு கேள்விக்கும் பதில் எழுதி முடித்தவர், கடைசிப் பட்டனில் நின்றுவிட்டாராம். "சமர்ப்பின்னு போட்டிருக்கியே ஸ்டெல்லா, காணிக்கை எவ்வளவுன்னு போடவே இல்லையே?"

ஹோம்

ஒருநாள் பகல், அந்த ஆபீஸில் உட்கார்ந்து சேவியர் அண்ணனோடு படச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வேர்த்து விறுவிறுத்து ஒருவர் உள்ளே வந்தார். பெயர் முருகேசன், பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் வேலை. பக்கவாதத்தில் கிடக்கும் அப்பாவுக்கு மூக்கு வழியாகக் கஞ்சி போகிற குழாய் காலையில் கழன்றுவிட்டது. வாயால் விழுங்க முடியாத மனுஷன், சொட்டுத் தண்ணீர்கூட உள்ளே போகவில்லை.

எட்டு மணியிலிருந்தே நர்ஸைக் கூப்பிட்டதாகச் சொல்லி, போனை என்னிடம் நீட்டினார். பக்கத்தின் மேல் மூலையில் 'ஹோம்' என்று நான் வைத்த பட்டன். முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போவதற்காக எல்லாரும் வைப்பதுதான். அவருக்கு வேண்டியதோ ஹோம் நர்ஸ். அமுக்கியிருக்கிறார். பக்கம் ஒருமுறை வெள்ளையாகிப் பழையபடி வந்ததும், தகவல் போய்விட்டது என்று நினைத்து, நர்ஸுக்கு வழி காட்டத் தெருமுனையில் போய் நின்றிருக்கிறார். வரவில்லை. மறுபடி அமுக்கி, மறுபடி தெருமுனை. கடைசியில் இரண்டு பஸ் மாறி நேரே வந்துவிட்டார்.

அக்கா சட்டென்று எழுந்தார். பையை எடுத்துக்கொண்டு, அவரை ஸ்கூட்டரில் பின்னால் ஏற்றிக்கொண்டு பறந்தார். ஒரு மணிக்குக் குழாய் போட்டு, பெரியவர் வயிற்றில் கஞ்சி இறங்கியது என்று போன் வந்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. உடனே 'ஹோம்' பட்டனைத் தூக்கினேன், நம்பரை உச்சிக்குக் கொண்டுவந்தேன். இத்தனை நாள் சேவியர் அண்ணனையும் அக்காவையும் திட்டித் தீர்த்தவன் நான். அந்தப் பட்டனை வைக்கச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் முருகேசனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் பதறிவிட்டார். "ஐயோ, உங்க மேல என்ன சார் தப்பு? எனக்குத்தான் அவ்வளவா படிப்பு இல்ல."

ஹோம் நர்ஸ் சைட்டில் 'ஹோம்' என்று பட்டன் வைத்தவன் பி.இ. படித்தவன் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.