லங்காவிக்குப் போன அப்பாவும் மகளும்

விருத்தாசலம் செராமிக் பேட்டையில் துர்காவைத் தெரியாதவர்கள் குறைவு. பீங்கான் பொம்மையும் ஃபியூஸ் கட்டையும் செய்கிற சின்னப் பட்டறை அவளுடையது. நாற்பதைத் தாண்டியவள். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு, ஸ்கூட்டியை ஓட்டியபடியே லாரிக்காரனோடு சண்டை போட்டு முடித்துவிடுவாள். பொங்கலன்றும் பட்டறையை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

அவள் அப்பா தங்கராசு அப்படியே நேர்மாறு. கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு வழிவிடுவதற்காக ஏதோ ஒரு ஸ்டேஷனில் கூட்ஸை ஓரங்கட்டிப் போட்டுவிட்டால், கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து அரை நாள் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலைக்காலத்தில் பாதி அப்படித்தான் கழிந்தது. அதற்காக அவர் ஒரு நாளும் அலுத்துக்கொண்டதில்லை.

அம்மா கண்ணம்மாள் போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். தம்பி தமிழ்ச்செல்வன் மலேசியாவில், பினாங்கில் வேலை பார்க்கிறான். அப்பாவுக்கு எழுபது முடிந்ததும், குடும்பமாக லங்காவித் தீவுக்குப் போய்க் கடற்கரை ஓட்டலில் ஒரு வாரம் தங்கலாம் என்று அவன்தான் ஏற்பாடு செய்தான். கடைசி நேரத்தில் அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. ‘அதனால் என்ன, நீங்கள் இரண்டு பேரும் போங்கள்’ என்றான். இதுதான் சாக்கென்று துர்கா பயணத்தைக் கைவிடப் பார்த்தாள். கார்த்திகைக்கு விளக்கு ஆர்டர் நிற்கிறது, புதிதாகப் போட்ட சூளை இன்னும் பிடிபடவில்லை என்று காரணங்களை அடுக்கினாள். ஆனால் அப்பா அதற்குள் கடைத்தெருவுக்குப் போய், பூப்போட்ட அரைக்கை சட்டையும் வட்டத் தொப்பியும் வாங்கி வந்து கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தார். பட்டறையில் மேற்பார்வை பார்க்கும் பூங்கோதையோ, அக்கா போனால் தங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கிடைக்கும் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். அதற்கு மேல் என்ன செய்வது?

லங்காவியில் இறங்கிய அன்றே தங்கராசு செட்டிலாகிவிட்டார். தென்னை நிழலில் சாய்வு நாற்காலி, கையில் இளநீர், எதிரே பச்சையும் நீலமுமாகக் கடல். ஓட்டல் வரவேற்பில் ஜெயஸ்ரீ என்றொரு மலேசியத் தமிழ்ப் பெண் இருந்தாள். அவளிடம் பேச்சுக் கொடுத்து, மறுநாளே சமையலறையிலிருந்து தனக்கென்று ரசம் வரவழைத்துக்கொண்டார். பக்கத்து நாற்காலிக் கொரியாக்காரரோடு மொழியே இல்லாமல் சிநேகம் பிடித்தார். இரண்டு பேரும் மணிக்கணக்காகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். எப்போதாவது ஒரு கப்பல் தெரிந்தால் ஒருவருக்கொருவர் கையைக் காட்டினார்கள்.

துர்காவுக்குத்தான் சும்மா இருப்பது கைவரவில்லை. சாப்பிடப் போன இடத்தில் தட்டைத் திருப்பி, அடியில் எந்த ஊர் முத்திரை என்று பார்த்தாள். மணலில் சிக்னல் தேடி இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். அவள் பத்து தடவை கூப்பிட்டால் பூங்கோதை ஒரு தடவை எடுத்தாள். பிறகு அதுவும் நின்று, குரல் பதிவு ஒன்று வந்தது. “சூளை நல்லா ஓடிக்கினு இருக்குதுக்கா. நீங்க கடலப் பாருங்க.” துர்காவுக்குத் தலை வலித்தது. வேலை இல்லாததால் வந்த தலைவலி என்று அவளுக்கே தெரிந்தது.

அடுத்த நாள் காலையில், துடுப்புப் படகில் போகலாமா என்று அப்பா ஆரம்பித்தார். இரண்டு பேர் உட்காரும் மஞ்சள் பிளாஸ்டிக் படகு. மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, போனை அறையிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். போகும்போது சுலபமாகத்தான் இருந்தது. கடற்கரையை ஒட்டிய பாறையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போன பிறகுதான், தண்ணீர் தங்களை இழுத்துப் போவது துர்காவுக்குப் புரிந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு துடுப்பு போட்டாள். அவள் போட்ட வேகத்துக்குப் படகு இருந்த இடத்திலேயே தட்டாமாலை சுற்றியது. அப்பா சிரித்துவிட்டார். படகில் போகிறவர்களைக் கண்காணிக்க மோட்டார் படகு ஒன்று இந்தப் பக்கம் சுற்றி வரும் என்று ஜெயஸ்ரீ சொல்லியிருப்பதாகவும், அதுவரை பேசாமல் இருக்கும்படியும் சொன்னார். துர்கா துடுப்பை மடியில் வைத்தாள். படகு அசைந்து அசைந்து மிதந்தது. மேலே ஒரு பருந்து வட்டமிட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, முன்னால் உட்கார்ந்திருந்த தங்கராசு திரும்பாமலேயே பேசினார்.

“ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா மனசுல இருக்குதும்மா. வூட்டுல கேட்டா எழுந்து போயிடுவ. இங்க எங்கயும் போவ முடியாது.”

“என்னப்பா?”

“எனக்கு சோறாக்கிப் போட ஆளு வேணுமேன்னுதான் நீ கல்யாணம் வேணாம்னுட்டியா?”

அம்மா போன மறு வருஷம் திட்டக்குடியிலிருந்து வந்த வரனைத் துர்கா வேண்டாமென்றாள். அடுத்து வந்தவற்றையும்தான். அப்பனுக்காக வாழ்க்கையையே விட்டுக்கொடுத்த பெண் என்று சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் பேசிக்கொண்டார்கள். அவள் மறுக்கவில்லை. அப்படிப் பேசினால் யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. அது அவளுக்கு வசதியாக இருந்தது. அந்தப் பேச்சு அப்பா காதிலும் விழும், விழுந்து உள்ளே தங்கும் என்று அவள் நினைத்துப் பார்க்கவே இல்லை.

“இல்லப்பா. உங்களுக்காக இல்ல. எனக்கு அதுல மனசு போவல. பட்டறை புடிச்சிருந்துது, தனியா இருக்கறது புடிச்சிருந்துது. அவ்ளோதான்.”

“நெசமாவா?”

“நெசமாத்தான். தெனம் காலையில எனக்கு இட்லி ஊத்திக் குடுக்கறது நீங்க. இதுல யாருப்பா யாருக்காக இருக்கறது?”

தங்கராசு இதை யோசித்தார். அலை ஒன்று படகைத் தூக்கி இறக்கியது.

“அப்ப இத்தினி வருசமா நான் சும்மாவா கவலப்பட்டுக்கினு இருந்தேன்?”

“அப்படித்தான் தெரியுது.”

அவர் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று துர்கா பதறி எட்டிப் பார்த்தாள். தொப்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். அவளுக்கும் தொற்றிக்கொண்டது. மோட்டார் படகுக்காரன் வந்து பார்த்தபோது, கடல் நடுவில் இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து, வெயில் தலைக்கேறிவிட்டதோ என்று முதலில் தண்ணீர் பாட்டிலைத்தான் நீட்டினான். அப்புறம் கயிற்றைக் கட்டிக் கரைக்கு இழுத்துப் போனான்.

அன்று மத்தியானம் துர்கா சாய்வு நாற்காலியில் சாய்ந்தவள், விளக்கு வைக்கும் நேரம் வரை எழுந்திருக்கவே இல்லை.

தங்கராசுவிடம் வந்த மாற்றம் வேறு மாதிரி. மகள் தனக்காகத் தியாகம் செய்கிறாள் என்ற நினைப்பில் இத்தனை வருஷமும் அவள் போட்டதை வாயைத் திறக்காமல் சாப்பிட்டவர், மறுநாள் சாப்பாட்டு மேசையில் ஓட்டல் மீன் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்ததும், நிதானமாக, “ஒன் கொழம்புல எப்பவுமே புளி தூக்கலும்மா” என்றார். அவர் அதோடு விடவில்லை. கீரையில் பூண்டு போதாது என்றார், அவள் வைக்கும் வத்தக்குழம்பு பட்டறைக் களிமண் பதத்தில் இருக்கிறது என்றார். சேர்த்து வைத்திருந்ததெல்லாம் திரும்பி வரும் விமானத்திலும் தீரவில்லை.

விருத்தாசலம் வந்ததும் துர்கா கேஸ் அடுப்பை அவர் பக்கம் காட்டி, இனிமேல் ராத்திரிக் குழம்பும் நீங்களே வையுங்கள் என்று சொல்லிவிட்டாள். வைக்கிறார். உப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அவளும் சொல்லாமல் விடுவதில்லை.