சிவப்புப் பூ வந்தது

என் மனைவியின் இருதய வால்வை மாற்றியே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் அவள், "அம்மங்கிட்டப் பூ கேட்டுப்போட்டு வாரனுங்க டாக்டர்" என்றாள். எனக்கு மானம் போயிற்று.

பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். அளந்து காட்டாத எதையும் நம்பமாட்டேன், சாமி உட்பட. வீட்டில் இருபது வருடமாக இதே சண்டை.

அவளுடைய அம்மன் கோயில் கிணத்துக்கடவுக்குப் பக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை என்றால் செய்யலாம். சிவப்பு என்றால் வேண்டாம். கார் ஓட்டிக்கொண்டே கத்தினேன்.

"சிவப்பு வந்தா என்ன பண்ணுவே? ஊட்லயே கெடந்து சாவியா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

"காசச் சுண்டிப் பாக்கறதும் இதும் ஒண்ணுதான் அம்மணி. சாமி இருக்குதுன்னு ஒரே ஒரு ருசு காட்டு, மொட்டை போட்டுக்கறேன்."

என் தலையைத் திரும்பிப் பார்த்தாள். "மொட்டை போட அங்க என்னங்க இருக்குது?"

பூசாரி எடுத்துக் கொடுத்த பொட்டலத்தை அவளே பிரித்தாள். சிவப்பு.

என் வாய் உலர்ந்துவிட்டது. நம்பாதவனுக்கு ஏன் உலர வேண்டும்? அவளோ பூவைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, "திங்கக்கெழமையே சேந்துக்கலாமுங்க" என்றாள்.

"வேண்டாம்னல்ல சொல்லுது உன் அம்மன்?"

"அவளுக்குப் பயமா இருக்கும். எங்கம்மாளும்தான் வேண்டாம்னு அழுவுது. அதுக்காவப் பெத்தவங்ககிட்டக் கேக்காமப் போக முடியுமுங்களா? கேட்டேன். அவ வேண்டாம்னா. நான் போறேன். நான் போனாலும் அவ பாத்துக்குவா."

இதை எந்த அளவுகோலால் அளப்பது? கேட்ட சாமியே வேண்டாம் என்ற பிறகும் அந்தச் சாமியை நம்பிப் போகிறவளிடம் ருசு கேட்டு என்ன பிரயோசனம்? கோபம்தான் வந்தது.

திங்கட்கிழமை சேர்ந்தாள். மறுநாள் காலை ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போனார்கள். ஆபரேஷன் தியேட்டர் கதவருகே என்னைப் பார்த்து, "வாரனுங்க" என்றாள். எங்கள் பக்கம் கடைக்குப் போனாலும் அப்படித்தான் சொல்வோம். கதவு மூடியது.

அவள் அண்ணன் ஓடி வந்தார். "டாக்டர் என்னங்க சொன்னாரு மாப்ள?"

டாக்டர் அரை மணி நேரம் விளக்கியிருந்தார், படமெல்லாம் போட்டு. எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"வாரேன்னு சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கறா மச்சா, வந்துருவா" என்றேன். அதட்டித்தான் சொன்னேன்.

வந்தாள். ஆறு மாதம் ஆகிறது. பொங்கல் வைக்க நானே அவளைக் கோயிலுக்குக் கூட்டிப் போனேன், வெளியே காரில் உட்கார்ந்திருந்தேன். மச்சானிடம் அன்றைக்கு என்ன சொன்னேன் என்பதை மட்டும் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டாள்.