விக்கல் எடுத்த பந்தயக் கார்

யுத்தம் வருவதற்கு முந்திய வருஷங்களில் நான் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பண்ணாடிக்குக் கார் ஓட்டினேன். காடு தோட்டம் நிறைய உள்ளவர். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை, சீமைக்குக் கப்பலேறும்போது தன் பந்தயக் காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். நீண்ட மூக்கு, ஆறு சிலிண்டர், இரண்டே பேர் உட்காரலாம். மாட்டு வண்டித் தடத்தில் இது எதற்கு என்று ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன், ஓட்டிப் பார்க்கிற வரைக்கும். சங்ககிரி ரோட்டில் ஆக்சிலேட்டரை முழுசாக மிதித்த அன்றைக்கு, புளிய மரங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு ஒரே சுவராகப் போயின. எனக்குச் சாமி பக்தி கொஞ்சம் குறைவு. அந்த எஞ்சின் மேல் பக்தி நிறைய இருந்தது.

ஆயுத பூஜைக்கு மறுநாள் வண்டிக்கு விக்கல் வந்தது. மெதுவாகப் போனால் ஒன்றுமில்லை. வேகம் ஏறி, எஞ்சின் சத்தம் உச்சத்துக்குப் போகிற இடத்தில் திடீரென்று டப் டப்பென்று மிஸ் அடித்து எங்களை முன்னால் தள்ளும். காலை எடுத்தால் சரியாகிவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பண்ணாடி வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டார்.

"பெட்ரோல்ல சீமெண்ணெய் கலந்திருக்குதா?"

பூஜைக்கு முன்னால் சேலம் போய்ப் பெட்ரோல் டின் வாங்கி வந்தவன் நான்தான். பாதியை விற்றுத் தின்றுவிட்டு மண்ணெண்ணெயை ஊற்றி நிரப்பிவிட்டேன் என்று அர்த்தம். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி.

"கலக்கறவன் இந்த வண்டியைப் புள்ளையாட்டம் ஏனுங்க தொடச்சு வெச்சிருக்கறான்?" என்றேன்.

"அப்படீன்னா வெள்ளிக்கிழமை மலைக்கு வா. அறுபதாம்படியில நின்னு சத்தியம் பண்ணு."

திருச்செங்கோட்டு மலையில் அந்தப் படியில் நின்று பொய் சொன்னவன் வம்சம் விளங்காது என்பார்கள். கோர்ட்டில் தீராத வழக்குகூட அங்கே தீரும். நான் பொய்யன் இல்லை, ஆனாலும் எனக்குச் சத்தியம் பண்ண வழியில்லை. என் மனைவிக்கு அப்போது ஏழு மாசம். பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் மெய்க்காகக்கூடச் சத்தியம் பண்ணுவது எங்கள் சனத்தில் வழக்கமில்லை. வயிற்றுப் பிள்ளையைப் பணயம் வைத்த மாதிரி ஆகிவிடும். பண்ணாவிட்டாலோ ஊருக்கு நான் திருடன்.

வீட்டில் வந்து சொன்னேன். அவள் அடுப்பை விட்டுத் திரும்பவே இல்லை. "பண்ணிப்போட்டு வாங்க" என்றாள். அவ்வளவுதான். இவளுக்கு மனசு கல்லா என்று எனக்குக் கோபம் வந்தது. பயமும் வந்தது.

நான் வாய் திறக்கக் கூடாதென்றால் எஞ்சின்தான் எனக்குச் சாட்சி சொல்ல வேண்டும். டேங்க்கைக் காலி செய்து, பண்ணாடி கண் முன்னாலேயே புது டின்னை உடைத்து ஊற்றினேன். விக்கல் போகவில்லை. "அடியில மிச்சம் இருந்திருக்கும்" என்றார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதினேன். தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவின் பாயிண்டுகளைத் தேய்த்தேன். ஆறு பிளக்குகளையும், பூஜையன்று அவர் வைத்த பொட்டு கலையாமல் பதனமாகக் கழற்றி, முனையைச் சுத்தம் செய்து மாட்டினேன். ரோட்டுக்குக் கொண்டுபோனால் பழைய குருடி கதவைத் திறடி.

வியாழக்கிழமை காலையிலிருந்து தூறல். வண்டிக் கொட்டாயில் பானட்டைத் திறந்து எஞ்சினை ஓடவிட்டுக் குனிந்திருந்தேன். நான் எதையாவது மாற்றி ஏமாற்றுகிறேனா என்று பார்க்கப் பண்ணாடி கறுப்புக் கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். கூரை ஒழுகி எஞ்சின் மேல் சொட்டியது. "நனையுது பாரு" என்று அவரே கம்பளியை விரித்து, எஞ்சினையும் என்னையும் சேர்த்து மூடினார். பட்டப்பகலில் உள்ளே கும்மிருட்டு. நான் கார்புரேட்டர் கம்பியைக் கையால் சட்டென்று இழுத்தேன். சத்தம் ஏறிற்று.

அப்போதுதான் பார்த்தோம். வெள்ளைப் பீங்கான் பிளக்கின் உச்சியிலிருந்து நீல நூல் ஒன்று கிளம்பி, சந்தனத்தைத் தொட்டு, குங்குமத்தின் மேல் ஊர்ந்து, இரும்பில் இறங்கி மறைந்தது. ஒன்றில் மட்டுமில்லை, ஆறிலும். கம்பியை விட்டால் அணைந்தது. இழுத்தால் மறுபடி இறங்கிற்று. சிலிண்டருக்குள்ளே வெடிக்க வேண்டிய நெருப்பு, வேகம் கூடி உள்ளே அழுத்தம் ஏறியதும், அங்கே போகாமல் பொட்டின் வழியாக வெளியே நழுவிக்கொண்டிருந்தது. மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் மின்னல். இத்தனை நாளும் இதன் முதுகில் ஏறியா பறந்தோம் என்று நினைத்தேன். பண்ணாடியின் தோள் என் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. வேறொரு நாளாக இருந்தால் அவ்வளவு ஒட்டி நிற்க அவரும் விடமாட்டார், நானும் நிற்கமாட்டேன்.

"சிவ சிவா" என்றார் மெதுவாக.

எஞ்சினுக்கு ஆறு தலை என்று அவரே ஆசை ஆசையாய்க் குழைத்து அப்பிய சந்தனம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. எஞ்சின் ஆறியதும் பெட்ரோல் துணியை எடுத்தேன்.

"பொட்டை அழிக்கறதா?" என்று தயங்கினார்.

"நெத்தியில வெச்சாப் பொட்டுங்க. நாக்குல வெச்சா விக்கத்தானுங்க செய்யும்."

அவர் சிரிக்கவில்லை. துணியை என் கையிலிருந்து வாங்கி, ஆறையும் தாமே துடைத்தார்.

தூறல் விட்டதும் சங்ககிரி ரோட்டில் முழு வேகம் விட்டேன். எஞ்சின் ஒரு தரம்கூட விக்கவில்லை. திரும்பும்போது, "உன் ஊட்டுக்கு உடு" என்றார். எங்கள் குடிசை வாசலில் அந்தக் கார் நின்றதும் என் மனைவி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"அம்மிணி, உன் ஊட்டுக்காரன் மேல தப்பில்லை. பண்ணுனது இந்தக் கைதான்" என்று, குங்குமச் சிவப்பு இன்னும் போகாத கையை நீட்டினார்.

"அவரு எடுக்கலீன்னு எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "தெரியாமயா, வயித்துப் புள்ளையோட சத்தியம் பண்ணிப்போட்டு வாங்கன்னு அனுப்பப் பாத்தேன்?"