பின்சீட்டு முதலாளி

டிரைவர் சங்கிலி சொந்தக் கார் வாங்கிவிட்டாராம். அதை ஓட்ட ஒரு பொம்பளையையும் வேலைக்கு வைத்திருக்கிறாராம். பழங்காநத்தம் டீக்கடையில் இதுதான் பேச்சு.

"நானே பாத்தேன் மாப்ள. கீழக்குயில்குடி ரோட்டுல பின்சீட்டுல சாஞ்சு உக்காந்து போறான். அந்தம்மா பயபக்தியா ஓட்டுது" என்று சத்தியம் செய்தார் கண்ணுச்சாமி.

விசாரித்தால் கதை தலைகீழ். ஓட்டியவர்தான் முதலாளியம்மா. சங்கிலி கார் ஓட்டுகிற வில்லாபுரம் சேலை வியாபாரி துளசிராமின் மனைவி சீதாலட்சுமி. லைசென்ஸ் எடுத்துப் பல வருஷம் ஆகிறது. அது பீரோவில் பட்டுப்புடவைகளோடு பத்திரமாக இருந்தது. ஸ்கூட்டர் ஓட்ட வீட்டில் தடையில்லை. கார் என்றால் வேறு பேச்சு.

"டிரைவருக்குச் சம்பளம் குடுக்க வக்கில்லாம பொண்டாட்டிய ஓட்ட விட்டுட்டான்னு கடைவீதியில பேசுவாங்க" என்பார் துளசிராம்.

அதனால் கோயிலுக்கென்று கிளம்பி, ஊர் தாண்டியதும் சங்கிலியிடம் சாவியை வாங்கிக்கொள்வாள். பக்கத்தில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் தப்பாகப் பேசுவார்கள் என்று அவர் பின்னால் போய் உட்கார்ந்தார். மானத்துக்குப் பயந்து உட்கார்ந்த இடம் அவரை முதலாளியாக்கிவிட்டது.

சமணர் மலை கிட்டே வர வர அவளுக்கு ஆசை அடங்காது.

"இன்னுங் கொஞ்ச தூரம் போவமாண்ணே?"

"போனா திரும்பணும்லம்மா."

அவள் ஏங்கியது அந்த ரோட்டுக்காக அல்ல. பட்டப்பகலில், தெருவே பார்க்க, தன் வீட்டு வாசலில் தானே காரைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். அம்புட்டுத்தான்.

பேச்சு துளசிராமின் காதுக்கும் வந்தது. சங்கிலியைக் கூப்பிட்டார். காபி டம்ளரோடு வந்த சீதாலட்சுமி கதவருகிலேயே நின்றுவிட்டாள்.

"ஏம்ப்பா, உனக்குப் பொம்பள டிரைவராமே?"

"காரு எனக்கில்ல மொதலாளி. தெரிஞ்சவங்க ஓட்டிப் பழகுறாங்க. தொணைக்குப் போறேன்."

"நல்லா ஓட்டுதா?"

சங்கிலி கதவுப் பக்கம் திரும்பவில்லை. "என்னைய விட நல்லா."

"அப்பக் கூட்டிட்டு வா. வீட்டம்மாவ வெளிய கூட்டிட்டுப் போக ஒரு பொம்பள டிரைவர் இருந்தா நமக்கும் கௌரவம்."

காரை ஓட்டுவது ஊரில் எந்தப் பெண்ணாகவும் இருக்கலாம், தன் மனைவி நீங்கலாக என்பது அவர் கணக்கு. 'நான்தான்' என்ற வார்த்தை சீதாலட்சுமியின் நாக்கு நுனிவரை வந்தது. காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை கார் வாசலில் நின்றது. அவள் நேரே டிரைவர் பக்கக் கதவுக்குப் போய்க் கைப்பிடியைப் பிடித்தாள். எதிர்மாடியில் துணி உலர்த்திய கைகள் நின்றன. துளசிராம் படியிறங்கி வந்தார். அவள் முந்தானையால் கைப்பிடியில் இல்லாத தூசியைத் துடைத்துவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டாள்.

"அந்தப் பொம்பள எங்கப்பா? சொல்லியிருந்தேனே."

சங்கிலி கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தார். "அடுத்த வெள்ளிக்கு வாரேன்னு சொல்லியிருக்காங்க மொதலாளி."

ஒவ்வொரு வெள்ளியும் துளசிராம் கேட்கிறார். சங்கிலியும் அதையே சொல்கிறார். அந்த வாசலுக்கு ஒரு டிரைவரம்மா இன்னும் பாக்கி.