கமரூன் வீட்டு இஞ்சித் தண்ணி

கமரூன் நாட்டைப் பற்றி இத்தாலியின் பலேர்மோவில் யாருக்காவது சந்தேகம் வந்தால் என்னிடம் வரலாம். அந்த நாட்டை மேலும் கீழும் சுற்றிப் பார்த்தவன் நான்.

பொய். தெற்குப் பக்கமாக நான் போன ஆக நீண்ட பயணம் சியாகுல்லி மந்தரின் ஆரஞ்சுத் தோட்டத்துக்குத்தான். அதுவும் பஸ்ஸில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டு.

எனக்குத் தெரிந்ததெல்லாம் பக்கத்து ஏணியில் நின்று பழம் வெட்டிய கமரூன்காரன் சொன்னது. சின்ன வயதில் வாத்தியார் என்னை வெளியே நிறுத்திவிட்டுத்தான் பாடம் தொடங்குவார். ஆகவே பூமிசாத்திரம் முழுவதையும் நான் ஏணியில்தான் படித்தேன். நாங்கள் கதைப்பது இத்தாலியன். இத்தாலிக்காரன் கேட்டால் அழுவான். 'அண்ணை' என்ற சொல்லை மட்டும் அவன் என்னிடமிருந்து பிடித்துக்கொண்டான்.

கமரூன் என்ற பேருக்கே இறால்தான் காரணமாம். போர்த்துக்கேயர் கப்பலில் வந்து பார்த்தார்களாம், ஆறு நிறைய இறால். உடனே இறால் ஆறு என்று பேர் வைத்துவிட்டார்களாம். பிறகு அதுவே நாட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. அதே போர்த்துக்கேயர்தான் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார்கள். எங்கள் இறாலுக்கு என்ன குறை? இன்றைக்கும் எனக்கு மனவருத்தம்தான்.

உலகத்திலேயே பெரிய தவளையும் அங்கேதானாம். ஒரு பூனைக்குட்டி அளவு. மற்றத் தவளைகள் ஊதிக் கத்துகிற தொண்டைப் பை இதற்குக் கிடையாதாம். இதை வீட்டில் சொன்னேன். "கடவுள் ஆளை மாறிக் குடுத்திட்டார்" என்றாள் என் மனைவி.

ஒருநாள் அவன் ஏணியிலிருந்து இறங்கி வந்து நின்றான். முகம் சரியில்லை.

"அண்ணை, ஞாயிற்றுக்கிழமை அக்காவோடை வீட்டை வாங்கோ. என்ரை மனிசி திரும்பிப் போகப்போறன் எண்டு நிக்கிறா. ஊரிலை அவ சமைச்சால் தெருவே வந்து சாப்பிடும். இஞ்சை வந்ததிலை இருந்து ஒருத்தரும் வாசலுக்கு வரேல்லை. டிக்கெட் பார் எண்டு சொல்லிப்போட்டா."

"சாப்பிடத்தானே? அதுக்கு நான் பயிற்சி எடுத்த ஆள்" என்றேன்.

அவன் வீடு பிரான்காச்சோவில், மாடிக் குடியிருப்பில். அவன் மனைவி இளம் பிள்ளை, பிரெஞ்சு மட்டும் கதைப்பாள். பயந்த சிரிப்பு. மேசையில் கோழிக் குழம்பு. பக்கத்தில் மரவள்ளிக் கிழங்கை ஊறவைத்து அரைத்து, இலையில் நீளமாகச் சுற்றி அவித்த உருண்டைக் கட்டைகள். லேசான புளிப்பு. நான் ஒன்றை முடித்து அடுத்ததை அவிழ்த்தேன். அவள் முகம் மலர்ந்தது. சட்டிக்குள் தேடி, கோழியின் இரைப்பையை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

எங்கள் வீட்டில் அது மனைவியின் பங்கு. பழக்கதோஷத்தில் எடுத்து அவள் தட்டில் போட்டேன். அவளும் பழக்கதோஷத்தில் பாதியைக் கடித்துவிட்டாள். அந்தப் பிள்ளையின் கை அப்படியே நின்றது.

"அண்ணை, எங்கடை ஊரிலை அது வீட்டுத் தலைவருக்கு, இல்லாட்டி பெரிய விருந்தாளிக்கு" என்று நண்பன் மெதுவாகச் சொன்னான். "பொம்பிளையள் தொடமாட்டினம்."

நான் மனைவிக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப சரிதானே" என்றாள் அவள், மென்றுகொண்டே. "எங்கடை வீட்டுத் தலைவர் ஆர்?"

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. நிலைமையைச் சமாளிக்க அந்தப் பிள்ளை உள்ளே போய்க் குளிர்ந்த கிளாசுகளைக் கொண்டுவந்து வைத்தாள். வீட்டில் அரைத்த இஞ்சித் தண்ணி.

மரவள்ளி தின்ற வயிற்றில் இஞ்சி! யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு வேறு விளக்கம் வேண்டாம். சேர்ந்தால் நஞ்சு, ஆள் முடிந்தான் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மேசைக்குக் கீழே என் காலில் மனைவியின் உதை விழுந்தது.

"குடிக்காதேங்கோ. செத்துப்போவியள்."

நாங்கள் கிளாசைப் பார்த்தோம். அந்தப் பிள்ளை எங்களைப் பார்த்தாள். பிறகு பிரெஞ்சில் ஏதோ சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள்.

"என்ன சொல்லுறா?"

"டிக்கெட்" என்றான் நண்பன்.

உள்ளதைச் சொன்னேன். அவன் திகைத்துப்போய், குசினி வாசலில் நின்று பிரெஞ்சில் விளக்கினான். பிறகு அவள் வெளியே வந்து, தன் நெஞ்சைத் தொட்டு, கிளாசைக் காட்டி வேகமாகக் கதைத்தாள்.

"சின்னனிலை இருந்து ரெண்டையும் சேத்துத்தான் சாப்பிடுறாவாம். தான் உசிரோடைதானே நிக்கிறன் எண்டு கேக்கிறா."

என் மனைவி எழும்பினாள். தட்டிலிருந்த மிச்சப் பாதி இரைப்பையை எடுத்து அந்தப் பிள்ளையிடம் நீட்டினாள்.

"அப்ப இதை நீ சாப்பிடு, தங்கச்சி. ஒண்டும் செய்யாது. அதை இவர் குடிப்பார்."

"நானோ? நீயும் குடியன்!"

"எனக்குச் சளி."

அந்தப் பிள்ளை புருஷனைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். சட்டென்று வாங்கி வாயில் போட்டு, மென்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு! அதற்குப் பிறகு நான் குடிக்காமல் இருக்க முடியுமா? முருகா என்று ஒரே மடக்கு. காரம் மூக்கால் வந்தது. அவள் உடனே கிளாசை நிரப்பிவிட்டாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் கூத்து. ஒவ்வொரு தரிப்பிடத்திலும் மனைவி என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். எந்தப் பக்கம் நாடி என்று அவளுக்கும் தெரியாது. "கண் இருட்டுதோ?" என்றாள். சுரங்கப்பாதைக்குள் பஸ் போனால் யாருக்குத்தான் இருட்டாது? நான் ஓம் என்றேன். அவள் போட்ட சத்தத்தில் சாரதி பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு எழும்பி வந்து, என் சட்டைப் பொத்தானைக் கழற்றத் தொடங்க...

"இஞ்சேருங்கோ! கதை எழுதினது காணும், பேனையை வையுங்கோ. கமரூன் தங்கச்சி இண்டைக்கும் சட்டியைத் தூக்கிக்கொண்டு கீழை நிக்கிறாள். லிப்ட் வேலை செய்யேல்லை. ஓடிப்போய் வாங்குங்கோ, ஆற முந்தி!"