அறிவித்தலில் விடுபட்ட வரி

பரமேஸ்வரி அக்கா காலமான செய்தியை அவருடைய மகன் பாஸ்கரன் இங்கே கனடாவின் பிக்கரிங்கிலிருந்து போனில் சொன்னார். பத்திரிகைக்கு மரண அறிவித்தல் எழுதப்போவதாகவும் சொன்னார்.

"கொம்மா கார் ரேஸ் ஓடினவ எண்டு ஒரு வரி போடு, தம்பி" என்றேன்.

"அன்ரி, செத்தவீட்டு நோட்டீசில ஆரும் உது போடுறதே? சனம் சிரிக்கும்."

"உன்ரை சம்பந்தியின்ரை பேருக்கு இடமிருக்கு, அவ ஓடினதுக்கு இடமில்லையோ?"

இடமில்லைத்தான். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்று அறிவித்தல் வெளிவந்தது. பள்ளிக்கூடம் அதிகம் போகாமல் பத்திரிகை படித்தே எழுதப் பழகியவள் நான். அதில் விடுபட்டது எனக்குப் பொறுக்காது.

அக்காவை அறிந்தவர்கள் இதையும் அறியவேண்டும். இரண்டாம் உலகப் போருக்கு முந்திய காலம். கண்டியில் டொக்டராக இருந்த தகப்பனின் சின்னக் காரில், மலைநாட்டில் மேடேறும் போட்டியில் அக்கா ஓடினார். மற்றப் பெண்கள் எல்லோரும் தோட்டத்துரைமாரின் மனைவிமார். ஆண்கள் ஓடிச் சேறாக்கிய வீதியில்தான் பெண்களை விடுவார்களாம். அந்தச் சேற்றிலும் ஆண்கள் சிலரைவிட விரைவாக அக்கா உச்சிக்குப் போனார். ஆண்களுக்கு வெள்ளிக் கிண்ணம், அக்காவுக்குப் பவுடர் டப்பா.

"பவுடர் வேண்டாம், காருக்கு ரயர் தாங்கோ எண்டு கேட்டனான்" என்று சொல்லிச் சிரிப்பார். நான் சிரித்ததில்லை. கலியாணத்தோடு கார்த் திறப்பும் கணவரின் சட்டைப்பைக்குள் போய்விட்டது.

ஒரு மாசி மாதம், கோயிலிலிருந்து திரும்பும்போது பாஸ்கரனின் கார் உறைபனியில் சறுக்கியது. பின்சீற்றில் நான் "முருகா!" என்று கத்தினேன். முன்சீற்றில் இருந்த அக்கா, "பிறேக்கை விடு! சறுக்கிற பக்கமே திருப்பு!" என்றார். கார் நிமிர்ந்தது.

"உதென்ன, ரிவியில பாத்தனீங்களோ அம்மா?" என்றார் மகன்.

அக்காவின் வலக்கால், தானே ஓட்டுவதுபோல, கார்த் தரையை இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. "வளைவுக்கு முதலே மெதுவாக்கு, மோனை. வளைவுக்குள்ள பயந்து பிரயோசனமில்லை."

இறுதிச் சடங்கன்று பிரேத வண்டிக்குப் பின்னால் பாஸ்கரனின் காரில் போனேன். மயானத்துக்குத் திரும்பும் வளைவுக்கு நன்றாக முன்னரே அவர் வேகத்தைக் குறைத்தார். "அம்மா சொன்னவ" என்றார். அவருடைய தோளைத் தடவிவிட்டேன். அதனால் என் கோபம் தீர்ந்ததென்று யாரும் நினைக்கவேண்டாம்.

வீட்டுக்கு வந்து அறிவித்தலை வெட்டி எடுத்தேன். "பாஸ்கரனின் பாசமிகு தாயாரும்" என்ற வரிக்குக் கீழே என் கையால் எழுதினேன்: "மலை வீதியில் ஆண்களை முந்திய காரோட்டியும் ஆவார்."

அந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது.