கிணற்று ஜலத்தில் அலம்பிய மருந்துக் கப்

என் கடைசிப் பெண்ணுக்கு இருபத்தாறு வயசு. நெஞ்சில் சளி பசையாகக் கட்டிக்கொள்ளும் வியாதி, பிறந்ததிலிருந்தே. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று பேர். அந்தப் பேரை அவள்தான் எழுதிக் கொடுத்தாள். சளியில் கிருமி தங்கி மூச்சுக்குழல் உள்ளே வீங்கும். அதற்காகக் காலையும் சாயங்காலமும் நெபுலைசரில் ஆன்டிபயாடிக்கை ஆவியாக இழுப்பாள். ஒரு மாசம் இழுத்தால் ஒரு மாசம் ஓய்வு, அது ஒரு சுற்று.

மருந்து ஊற்றும் கப்பை அலம்புவது நான். அகத்துக்காரர் திருமலை மடப்பள்ளியில் இருந்தவர். எங்கள் அகத்தில் மடி ஆசாரம் குறைந்ததில்லை. குழாய் ஜலம் ஆகாது. நாங்கள் இருக்கும் சித்தூர் வீட்டுக் கொல்லைக் கிணற்றில் இறைத்து மூன்று தரம் அலசி, யாரும் தொடாதபடி ஈரத்தோடே வெண்கலப் பானையில் மூடி வைப்பேன். கொதிக்க வைக்கணுமாம் என்று பெண் ஒருதரம் சொன்னாள். "என் சுத்தத்துக்கு மேலயா?" என்றேன். அதே கப்பில்தான் மருந்தை ஊற்றிக்கொண்டாள்.

மூன்று சுற்று மருந்து முடிந்தும் கிருமி போகவில்லை. போன மாசியில் திருப்பதி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சளி ரிப்போர்ட்டைப் பார்த்தாள்.

"ஈரத்துல வளர்ற கிருமி இது. வீக்கம் இப்படியே இருந்தா குழல் கெட்டுப்போயிடும், சரியாகாது. கப்பை யாரு கழுவறாங்க?"

"நான்தான், மேடம்" என்றாள் பெண்.

"கொதிக்க வச்சியா?"

"மறந்துட்டேன்."

"படிச்ச பொண்ணு! உன் உயிர்மேல உனக்கே அக்கறை இல்லையா?"

அவள் தலை குனிந்து இருமினாள். சுத்தம் போதாதென்று என்னை இதுவரை ஒருத்தரும் சொன்னதில்லை.

"அவ இல்லை. நான்தான் அலம்பறேன். கிணத்து ஜலத்துல."

"ஏமம்மா, கிணறா?" என்று தெலுங்கு கலந்து கேட்டு டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள். தினமும் கொதிக்க வைத்து, சொட்டு ஈரமில்லாமல் உலர்த்தணும் என்று இரண்டு தரம் சொன்னாள்.

அகத்துக்கு வந்து ஸ்நானம் பண்ணி நானே அடுப்பில் ஜலம் வைத்தேன்.

"அம்மா, கொதிச்ச ஜலம் மடியா?" என்றாள் பெண்.

"அடுப்பு மடிதான். நீதான் குளிக்காத விழுப்பு, தள்ளி நில்லு."

சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்தது.

இரண்டு சுற்றுக்கப்புறம் ரிப்போர்ட்டில் கிருமி குறைந்திருந்தது, வீக்கமும் தணிந்திருந்தது. கெட்டுப்போன இடம் மட்டும் திரும்பாது என்றாள் டாக்டரம்மா. அதில் என் ஜலத்தால் ஆனது எவ்வளவு என்று கேட்டேன். அப்படிப் பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். அன்று சாயங்காலமும் கப்பைக் கொதிக்க வைத்து உலர்த்தினேன்.